மாசியில் பிறந்த மீனம்

1

நடந்ததைச் சொல்வதற்கு முன், அது நடப்பதற்கு முன்பு நான் யாராக இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுவது முறை.

திண்டிவனத்தில் ஒரு கலைக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி தேர்வுப் பொறுப்பும் என்னிடமே இருந்தது. ஒரு பையனுக்கு அரை மதிப்பெண் கூட்டித் தரும்படி மேலிடத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பையும், அதே நோக்கத்தோடு கெடாரிலிருந்து ஒரு மூட்டை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தூக்கிக்கொண்டு வந்த என் சொந்த அக்காள் கணவரையும் ஒரே சொல்லில் திருப்பி அனுப்பியவன். "அந்த சாரிடம் போகாதே, வேலைக்கு ஆகாது" என்று மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சோதிடத்தில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. என் வீட்டுப் புதுமனை புகுவிழாவை இராகுகாலத்தில் நடத்தினேன். மகனுக்குச் சாதகம் பாராமல் மணம் முடித்தேன். பஞ்சாங்கம் எனக்கு நன்றாகத் தெரியும். மறுத்துப் பேசுவதற்காகவே அதைக் கற்றேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பல மேடைகளில் மறுத்துப் பேசியும் இருக்கிறேன். இக்கல்லூரி மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்களில் சிலர் அக்கூட்டங்களுக்கு வந்திருக்கக்கூடும்.

இத்தகைய ஒருவன் பன்னிரு இராசிகளின் பெயரால் நடக்கும் ஒரு விளையாட்டில் தலைகுனிந்தான் என்பதே நான் எழுதப்போவது.

2

இப்போது அமெரிக்காவில், ஒகாயோ மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் மகன் அறிவழகனோடு இருக்கிறேன். இங்கே என் நாள் எளிமையானது. காலையில் நடை. குப்பைத் தொட்டிகளில் எதை எந்தக் கிழமையில் தெருவில் வைப்பது என்ற கவலை. பிறகு அஞ்சல் பெட்டி. அதில் வரும் கடிதங்களில் பாதி எனக்குக் காது கேட்காது என்று தாமே முடிவு செய்துகொண்ட காதுக்கருவிக் கம்பெனிகளிடமிருந்து வருபவை.

சென்ற மாதம் ஒரு காலை நடையின்போது தனகோட்டி அழைத்தான். கெடார் தொடக்கப்பள்ளியில் என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன். வருவாய்த் துறையில் பணியாற்றி இப்போது விழுப்புரத்தில் இருக்கிறான். என்னை ஒருமையில் அழைக்கும் உரிமை உடையவர்களில் எஞ்சியிருப்பவன் அவன் ஒருவனே.

"இன்னாய்யா வாத்தியாரே, அங்க இப்போ பகலா ராத்திரியா?"

"காலை" என்றேன்.

"ஒண்ணு கேள்விப்பட்டேன், கோச்சிக்காத. உம் புள்ள ஏதோ ராசி பேர்ல பந்தாட்டம் நடத்துறானாமே? அதுல ஒரு ஆளப் புடிக்கறதுக்கு உன் பொறந்த தேதியவே மாத்திட்டானாமே? வானூர்ல கல்யாண ஊட்டுல பேசிக்கினு இருந்தாங்க. பென்ஷன்ல எதனா வில்லங்கம் வந்துடப் போவுது, பாத்துக்க."

"அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை."

"நீ ஒண்ணும் பேஜாராவாத. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சாருக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது, எல்லாம் அந்தப் பையன் பண்ண வேலைன்னு. உன்ன ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லல. இன்னிக்கும் உன் பேரு கெட்டியாத்தான் நிக்குது."

நான் "நன்றி" என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததால்தான் இக்குறிப்பை எழுதுகிறேன். மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது "அமெரிக்க வாழ்க்கை" பற்றிய ஒரு கட்டுரை. அவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3

அறிவழகனுக்கும் எனக்கும் இடையே சண்டை எதுவும் இருந்ததில்லை. பேச்சும் அதிகம் இருந்ததில்லை. தேர்வு நடத்தும் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை, தகப்பனிடம் கேள்வி கேட்க அஞ்சுவான். பதில் சொல்லவும் அஞ்சுவான். இங்கு வந்த பிறகும் "சாப்டீங்களாப்பா", "மாத்திரை போட்டீங்களா" என்ற இரண்டு கேள்விகளோடு எங்கள் நாள் முடிந்துவிடும்.

இதை மாற்றியது பேஸ்பால். நம் பக்கத்துப் பிள்ளைகள் பன்னிருவர் சேர்ந்து ஒரு லீக் வைத்திருக்கிறார்கள். யாரும் மட்டையைத் தொடுவதில்லை. உண்மையான ஆட்டக்காரர்களைக் கற்பனையாகத் தங்கள் அணிக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரர்கள் எங்கோ ஓர் ஊரில் நன்றாக ஆடினால் இவர்களுக்குப் புள்ளி. பணம் இல்லை, கடைசியில் வருபவர் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அணிக்கு ஓர் இராசி; சாதகத்தைப் பாராமல் ஆங்கிலப் பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் இராசி. அந்த இராசியில் பிறந்தவரே அதற்குத் தலைவர். முதல் தேர்வில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் பருவத் தொடக்கத்தில், ஏப்ரல் முழுவதும், யாரும் எடுக்காமல் விட்டவர்களிலிருந்து புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் அவர் அந்த அணியின் இராசியில் பிறந்தவராக இருக்க வேண்டும். லீக்கை நடத்துபவன் அறிவழகன்.

இவ்வாண்டு மீன இராசிக்கு ஆள் இல்லை. அந்த அணியை வைத்திருந்தவர் வேலை மாறி வேறு நாடு போய்விட்டார். பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் அறிவழகன் தயங்கித் தயங்கி என் அறை வாசலில் நின்றான்.

"அப்பா, உங்க நெஜ பர்த்டே மாசிலதானே? இங்கிலீஷ்ல இன்னா தேதி?"

"மார்ச் இரண்டு."

"அப்போ நீங்க மீனம். ஒரு டீம் பாத்துக்கறீங்களா? ஆள் இல்லாம நிக்குது."

புள்ளியியல் சார்ந்த விளையாட்டு என்பதால் ஒப்புக்கொண்டேன் என்று அவனிடம் சொன்னேன். என் மகன் என்னிடம் ஒன்றைக் கேட்டான் என்பதால்தான் ஒப்புக்கொண்டேன்.

தொடக்கத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. "ஞாயித்துக்கிழம பத்து மணிக்குள்ள ஒருத்தர பிக்கப் பண்ணணும்பா, அதுக்கு ஒருத்தர ட்ராப் பண்ணணும்" என்று ஒரு வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டுப் போனான். திண்டிவனத்தில் பிக்கப் என்றால் பைபாசில் பேருந்தை விட்டு இறங்குபவரை வண்டியில் போய் அழைத்து வருவது. ட்ராப் என்றால் கொண்டுபோய் விடுவது. யாரோ விருந்தாளி வருகிறார், யாரோ புறப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை தேய்த்த சட்டையும் காலணியும் அணிந்து முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே வந்த அறிவழகன் என்னைப் பார்த்தான், காரணம் கேட்டான், பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நானும் சிரித்தேன்.

அன்று முதல் ஞாயிறு காலை எங்களுடையதாயிற்று. காபியோடு ஒரே மேசையில் அமர்ந்து யாரை விடலாம், யாரை எடுக்கலாம் என்று பேசுவோம். பத்து ஆட்டங்களைக் கண்டு ஒருவனை எடை போடக் கூடாது, சிறிய மாதிரி ஏமாற்றும் என்று நான் சொல்வேன். "அதெல்லாம் சரிப்பா, ஆனா இப்போ எடுக்கலன்னா வேற எவனாவது எடுத்துக்கினு பூடுவான்" என்பான் அவன். இரண்டும் உண்மைதான்.

4

பிறந்த நாளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசாங்கத்துக்கு நான் பிறந்தது ஜூன் பத்து. கெடார் பள்ளித் தலைமையாசிரியர் அன்று சேர்ந்த பிள்ளைகள் அனைவருக்கும் கொடுத்த தேதி அது. தனகோட்டிக்கும் அதே தேதிதான். "நானும் நீயும் ரெட்டப் புள்ளைங்கய்யா, ஆத்தா மட்டும் வேற வேற" என்பான். பாஸ்போர்ட், விசா, இங்குள்ள அட்டைகள் எல்லாவற்றிலும் ஜூன் பத்துதான். மருந்துக் கடையில் உள்ள பெண் பிறந்த தேதி கேட்கும்போது நான் ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வேன். சொந்தப் பிறந்த நாளை யோசித்துச் சொல்லும் கிழவனை அவள் இரக்கத்தோடு பார்ப்பாள். ஒருமுறை அரசு அலுவலகத்தில் என் தாள்களைப் புரட்டிய அதிகாரி, அன்றுதான் ஜூன் பத்து போலும், எழுந்து நின்று கைகுலுக்கி வாழ்த்தினார். யாரை வாழ்த்துகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

மாசியில் பிறந்தேன் என்பது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த செய்தி. இவ்வாண்டு மார்ச் இரண்டாம் நாள் லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் பதினொரு பேரும் "ஹேப்பி பர்த்டே சார்" என்று அனுப்பினார்கள். என் உண்மையான பிறந்த நாளுக்கு வீட்டுக்கு வெளியிலிருந்து வந்த முதல் வாழ்த்துகள் அவை. எல்லோருக்கும் தனித்தனியே நன்றி எழுதினேன்.

5

ஏப்ரலில் ஓர் இளம் பந்துவீச்சாளன் திடீரென்று எழுந்தான். இடக்கையன், மிக உயரமானவன். முதல் தேர்வில் அவனை யாரும் சீந்தவில்லை. பிள்ளைகள் ஆட்டக்காரர்களின் பெயரை விட்டுவிட்டுப் பட்டப்பெயர் வைத்தே பேசுவார்கள், இவன் "நெட்டைக்கால்". பிறந்தது ஏப்ரல் ஐந்து.

ஆங்கிலக் கணக்கில் ஏப்ரல் ஐந்து மேஷம். மேஷ அணி ஜெயந்தியுடையது. கண்டமங்கலத்துப் பெண், இங்கே மருத்துவமனையில் செவிலியர். அவளுடைய பெரியப்பா என் மாணவர். "நெட்டைக்கால் நம்ப மேஷம்தான். டூட்டி முடிச்சிக்கினு வந்து ஞாயித்துக்கிழம எடுத்துக்கறேன்" என்று அவள் குழுவில் எழுதியிருந்தாள். அதை நான் படித்தேன்.

என் அணி அப்போது கடைசி இடத்தில் இருந்தது. கடைசி இடத்தில் இருக்க எனக்குப் பழக்கம் இல்லை.

சனிக்கிழமை குழுவில் ஒரு நீண்ட விளக்கம் எழுதினேன். ஆங்கிலேயர் சொல்லும் இராசித் தேதிகள் வானத்தோடு பொருந்துபவை அல்ல என்றேன். கதிரவன் மேஷத்தில் புகுவது சித்திரை முதல் நாளில். அதற்கு முந்தைய பங்குனி மாதம் முழுவதும் அவன் இருப்பது மீனத்தில். ஆகவே ஏப்ரல் ஐந்தில், அதாவது பங்குனியில், பிறந்த ஆட்டக்காரன் மீனத்துக்கே உரியவன் என்று எழுதி, அவனை என் அணியில் சேர்த்துக்கொண்டேன். நம்பாத சாத்திரத்தை நம்புகிறவர்களைவிட அழகாக எழுதினேன்.

அறிவழகன் மேலே வந்தான். "அப்பா, இது சரியாத்தானே இருக்கும்? நான் ரூலாப் போட்டுடட்டா?"

"நான் எப்போதாவது தவறாகச் சொல்லியிருக்கிறேனா?"

"இல்லப்பா" என்றான்.

கும்ப அணித் தலைவன் ஏழுமலை வானூர்க்காரன், வாய்த்துடுக்கு உள்ளவன். "பஞ்சாங்கம் தப்பாப் போனாலும் சார் தப்பாப் போவ மாட்டாரு" என்று எழுதினான். ஜெயந்தி, "சரிங்க சார்" என்று மட்டும் எழுதினாள்.

பங்குனி மீனம் என்றால் அதற்கு முந்தைய மாசி கும்பம். இது பஞ்சாங்கத்தின் முதல் பாடம். நான் பிறந்தது மாசி. ஆங்கிலக் கணக்கின்படி நான் மீனம், ஆனால் நெட்டைக்கால் மீனம் அல்லன். தமிழ்க் கணக்கின்படி அவன் மீனம், ஆனால் நான் மீனம் அல்லேன். எந்தக் கணக்கிலும் அவன் எனக்கு உரியவன் அல்லன். எனக்கு ஒரு கணக்கையும் அவனுக்கு இன்னொரு கணக்கையும் வைத்தேன். அந்த விளக்கத்தை எழுதும்போதே இது எனக்குத் தெரியும். மாசி கும்பம் என்ற அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டேன்.

6

ஏப்ரல் கடைசி ஞாயிறு எங்கள் வீட்டில் மதிய விருந்து. லீக்கினர் பெரும்பாலோர் வந்திருந்தனர். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நெட்டைக்காலின் தயவால் என் அணி ஐந்தாம் இடத்துக்கு ஏறியிருந்தது.

ஏழுமலை வெற்றிலை மென்றுகொண்டே பேசினான். "நான் பொறந்தது மாசி மகத்தன்னிக்கின்னு எங்கம்மா சொல்லும். சார் கணக்குப்படி மாசின்னா கும்பம். நான் இங்கிலீஷ்லயும் கும்பம், தமிழ்லயும் கும்பம். டபுள் ஸ்ட்ராங்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அது கெடக்கட்டும். சார் பொறந்தது மார்ச் ரெண்டுதானே? அப்போ மாசியாச்சே!" அவன் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "சார், நீங்க அப்போ நம்ப ஊட்டு ஆளு. மீனத்துல இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? வாங்க சார், கும்பத்துல எடம் போட்டுத் தர்றேன்."

அவன் கேலிக்காகத்தான் சொன்னான். ஆனால் சொல்லி முடித்தபோது அதன் பொருள் அவனுக்கே எட்டியது. சிரிப்பு நின்றது. ஜெயந்தி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அறிவழகன் சமையலறை வாசலில் நின்றிருந்தான். கையில் தட்டுகள் இருந்தன.

"அப்பா பொறந்தது மாசி இல்ல" என்றான். "பங்குனி கடைசில. தமிழ்க் கணக்குல அவரு மீனந்தான். இங்கிலீஷ் கணக்குல மேஷமாப் போயிடுவாரு, மேஷத்துல ஏற்கனவே ஆள் இருக்கு, டீம் குடுக்க முடியாது. ஆள் வேணும்னு நாந்தான் மார்ச் ரெண்டுன்னு மாத்திப் போட்டேன்."

"அன்னிக்கி நாங்க விஷ் பண்ணப்போ சார் தேங்க்ஸ்னு போட்டாரே?" என்று கேட்டாள் ஜெயந்தி.

"நாந்தான் சும்மா இருங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையை அசைத்தால் போதும். அசைத்தேன்.

ஏழுமலை மெல்ல, "இன்னா அறிவுண்ணா, வெளையாட்டுக்குப் போயி அப்பா பர்த்டேவ மாத்துவாங்களா?" என்றான். லீக்கை வேறு யாராவது நடத்தட்டும் என்று ஒருவர் சொன்னார். அறிவழகன் உடனே ஒப்புக்கொண்டான்.

நெட்டைக்காலை ஜெயந்தியிடம் கொடுத்துவிடலாம் என்று ஏழுமலை சொன்னதற்கு, "வேணாண்ணா, எனக்கு வேணாம்" என்றாள். "சாரே வெச்சிக்கட்டும்." பையை எடுத்துக்கொண்டு, "வர்றேங்க சார்" என்று என்னிடம் முறையாகச் சொல்லிக்கொண்டுதான் போனாள்.

அந்தப் பந்துவீச்சாளன் இன்றும் என் அணியில் இருக்கிறான். நன்றாகவே வீசுகிறான்.

7

அவர்கள் போனபின் அறிவழகன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் அருகில் போய் நின்றேன்.

"ஏன் அப்படிச் சொன்னாய்?"

"உட்டுடுங்கப்பா. எல்லாம் உங்க ஸ்டூடன்ட்ஸ் ஊட்டுப் புள்ளைங்க. ஊருக்குப் போனா உங்கள நிமிந்து பாக்கணும், இல்ல?"

"உன்னை என்ன நினைப்பார்கள்?"

"எனக்கின்னா, நான் வாத்தியாரா?" என்றான். பிறகு குழாயை நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டான்: "உங்களுக்கு எழுதும்போதே தெரியுமாப்பா?"

நான் ஈரத் தட்டு ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். அவன் குழாயை மறுபடி திறந்துகொண்டான். சிறுவயதில் மதிப்பெண் பட்டியலை என்னிடம் நீட்டிவிட்டு நிற்பான். என் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்வான். அன்று அவனுக்கு என் முகத்தைக்கூடப் பார்க்கத் தேவைப்படவில்லை.

இங்கு ஞாயிறு தோறும் நடக்கும் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு நடத்தும் பொறுப்பைச் சில ஆண்டுகளாக அவன் வைத்திருந்தான். கேள்வித்தாள் அமைப்பதும், திருத்துவதும், மதிப்பெண் பதிவதும் அவன் வேலை. என்னிடம் கேட்காமல் என் தொழிலிலிருந்து அவன் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். வெளியில் சொல்லாமல் நான் பெருமைப்பட்டதும் அதற்குத்தான். இவ்வாண்டு அப்பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. "அவங்களுக்கும் ஒரு சேஞ்ச் வேணுமில்ல" என்றான். ஞாயிறு காலையில் இப்போது அவன் காபியைத் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். "சாப்டீங்களாப்பா" என்று கேட்கிறான். மாத்திரையைப் பற்றியும் கேட்கிறான்.

லீக்கினரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று இருமுறை அவனிடம் சொன்னேன். இரண்டு முறையும் வேண்டாம் என்றான். நானும் இரண்டு முறையும், அவன் விருப்பத்துக்கு மதிப்பளிப்பவன் போல, ஒப்புக்கொண்டேன். மேடைகளில் நான் பயன்படுத்திய எந்தச் சொல்லாலும் இதை நியாயப்படுத்த முடியவில்லை. அதற்குள் செய்தி கடல் கடந்து வானூர்க் கல்யாண வீட்டுக்குப் போய், அங்கிருந்து விழுப்புரத்துக்கும் போய்விட்டது. தனகோட்டி என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். அவன் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் என் மகன் பெயர் ஒருபடி இறங்குகிறது. இம்முறை மகனிடம் கேட்காமல் எழுதுகிறேன்.

என் மகன் என் பிறந்த தேதியை மாற்றினான் என்று ஊரில் சொல்வது தவறு. நான் பிறந்தது மாசி மாதம், மார்ச் இரண்டு. அதை அவனிடம் சொன்னவன் நான். அவன் சொன்னபடியே எழுதினான். இராசிக் கணக்கை மாற்றியவன் நான். கூடத்தில் அவன் சொன்னது பொய் என்று அவனைத் தவிர அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டுமே தெரியும்; தெரிந்தும் நான் தலையசைத்தேன். அவன் எதையும் மாற்றவில்லை.